மூன்றாம் எண் காட்சிமுனைக்கு நேர்க்கோட்டில் ஒரு பாதை

பெறுநர்: மைத்துனர் அவர்கள், உடற்பயிற்சி ஆசிரியர்.

பொருள்: ஆளரவமற்ற காட்சிமுனை ஒன்றுக்கு அக்காளையும் அத்தானையும் அனுப்பிவைத்தது – மனமார்ந்த நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் தொலைபேசி அழைப்பு, சென்ற வியாழன் மாலை, பதினெட்டு நிமிடம்.

அன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய மைத்துனருக்கு,

இங்கு நானும் தங்கள் அக்காளும் உயிருடன் இருக்கிறோம். அங்கு தாங்களும் மனைவி மக்களும் அவ்வாறே இருக்கும்படி வேண்டுகிறேன். வழக்கமாக எல்லோரையும் போல நலம் விசாரித்துத்தான் தொடங்குவேன். இந்த முறை அது தேவைப்படவில்லை. தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். நடந்தது தங்கள் கால்கள் அல்லவே. முப்பத்தைந்து வருடமாக 'நீ' என்று எழுதிவந்தவன் திடீரென்று 'தாங்கள்' என்று எழுதுகிறானே, மரியாதை கூடிவிட்டதோ என்று மகிழ வேண்டாம். கோபம் வந்தால் எனக்கு ஆபீஸ் தமிழ்தான் வரும் என்பது தங்கள் அக்காளுக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் வண்டியில் தங்கள் அக்கா அங்கே வருகிறாள். ஒரு பெட்டி, ஒரு பை. திரும்பும் தேதி குறிக்கப்படவில்லை. வந்து இறங்கியதும் நடந்ததையெல்லாம் தன் பக்கத்திலிருந்து சொல்வாள். தாங்களும் தம்பி என்ற முறையில் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பீர்கள். அதற்கு முன்பாகவே உண்மை தங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக இந்தக் கடிதம். முழுவதும் படித்தபின், இதில் என் தப்பு என்று கடுகளவாவது ஏதேனும் தென்பட்டால் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

பெட்டி பரணிலிருந்து இறங்கிய காரணம் தங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கோப்பு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். முப்பத்தாறு வருடம் நில அளவை அலுவலகத்தின் படவரைவுப் பிரிவில் உட்கார்ந்து, மலை, ஆறு, சாலை, எல்லைக்கல் என்று வரைந்து தள்ளிய ஒருவன் போன வருடம் ஓய்வுபெற்று வீட்டுக்கு வருகிறான். வந்தவன் மூலையில் குந்தியிராமல் வீட்டுக்கு ஏதாவது உபகாரம் செய்யலாமே என்று நினைத்தது குற்றமா? சமையலறையை அளந்தேன். படம் வரைந்தேன். அலமாரித் தட்டுகளுக்கெல்லாம் எண் கொடுத்து, உப்பு இ-3, சர்க்கரை இ-4 என்று குறித்து, படத்தைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். மேல் வலது மூலையில் வடக்கு அம்புக்குறி. இடது இறகில் மூன்று கோடு, வலது இறகில் இரண்டு. வரைந்தவன் படத்தில் கையெழுத்துப் போட எங்கள் பிரிவில் அனுமதி கிடையாது. அதனால் ஒவ்வொருவரும் அந்த அம்புக்குறியை மட்டும் தனக்கென்று ஒரு மாதிரி போட்டு ஆசையைத் தீர்த்துக்கொள்வோம். இவ்வளவும் செய்ததற்குத் தங்கள் அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சமையல்கட்டுல வடக்கு எதுக்குங்க?" வடக்கு தெரியாமல் ஒருவர் எப்படி உப்பு எடுப்பார் என்று திருப்பிக் கேட்டேன். 

பிறகு ஒருநாள் தேநீரில் உப்பு விழுந்தது. இ-4 சர்க்கரை என்று படத்தில் தெள்ளத் தெளிவாக இருக்கிறது. இ-4இல் இருந்ததோ உப்பு டப்பா. மாற்றி வைத்தது யார் என்று விசாரித்தேன். வீட்டில் இருப்பது இரண்டே பேர், அதில் நான் இல்லை. "படத்தில் பிழை இல்லை, தட்டைச் சரிபார்" என்று அமைதியாகத்தான் சொன்னேன். அவள் தேநீர்க் கோப்பையைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் கேட்டாள்.

"கல்யாணம் ஆகி முப்பத்தஞ்சு வருஷம். ஒரே ஒரு தடவை, 'என் தப்பு'ன்னு சொல்லியிருக்கீங்களா?"

நேர்மையாகச் சொல்கிறேன், யோசித்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம் யோசித்தேன். செய்யாததை எப்படிச் சொல்வது? அதைத்தான் அவளிடம் விளக்கினேன். அன்று மத்தியானம் பெட்டி பரணிலிருந்து இறங்கியது.

இந்த இடத்தில்தான் தாங்கள் மத்தியஸ்தராக வருகிறீர்கள். "அத்தான், வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா சண்டைதான் வரும். ரெண்டு பேரும் ஆளே இல்லாத இடமாப் போய், உட்கார்ந்து, மனசுவிட்டுப் பேசுங்க. தேசியப் பூங்காவுல மூணாம் நம்பர் காட்சிமுனைன்னு ஒண்ணு இருக்கு. கூட்டம் பூரா ஒண்ணாம் நம்பருக்குத்தான் போகும். மூணு யாருக்கும் தெரியாது. சும்மா ஒரு நடைதான்." தாங்கள் போயிருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, "போனதில்ல, கேள்விப்பட்டிருக்கேன்" என்றீர்கள். உடற்பயிற்சி ஆசிரியர்கள் இப்படித்தான் என்பது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். மைதானத்தை நான்கு சுற்று ஓடச் சொல்லிவிட்டு மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். போதாக்குறைக்குத் தங்கள் பழைய காலணிகளை வேறு கொடுத்தனுப்பினீர்கள். என் காலைவிட ஒரு அளவு பெரிசு. "முன்னாடி கொஞ்சம் பஞ்சு வச்சுக்குங்க அத்தான்." வைத்துக்கொண்டேன். தங்கள் வார்த்தையைத்தான் வேதவாக்காக எடுத்துக்கொள்கிற குடும்பமாயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை காலை பூங்கா வாசலில் இறங்கினால், ஊரில் யாரும் வீட்டில் இல்லை என்பது தெரிந்தது. வண்டி நிறுத்த அரை மணி நேரம், டிக்கெட் ஜன்னலுக்கு முக்கால் மணி நேரம். இயற்கையை அமைதியாக ரசிக்க வந்த ஆயிரம் பேர் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் முறை வந்ததும் மூன்றாம் எண் என்றேன். டிக்கெட் கொடுப்பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மூணா? ஒண்ணு இல்லையா?" மூன்று. "வயசு என்ன சார்?" அறுபத்தொன்று. அவர் பின்னால் திரும்பி இன்னொருவரிடம், "மூணாம் நம்பர் புக்கு எங்கய்யா இருக்கு?" என்று கேட்டார். அது மேசையின் ஒரு காலுக்கு அடியில், ஆட்டத்துக்கு முட்டுக்கொடுத்திருந்தது. உருவி, தூசி தட்டி, இரண்டு சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "பார்த்துப் போங்க" என்றார். மேசை ஆட ஆரம்பித்தது.

வாசலில் ஒரு பெரிய பலகை, அதில் பூங்காவின் வரைபடம். எங்கள் அலுவலகத்துப் பழைய படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. படிக்கும் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன். (நினைவூட்ட வேண்டியவர் நினைவூட்டவில்லை, இதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை.) அதனால் பெரிய எழுத்துகளும் கனமான கோடுகளும் மட்டும்தான் தெரிந்தன. எழுத்து அழகாக இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஒண்ணாம் எண்ணுக்கு வளைந்து வளைந்து ஒரு பாதை. மூன்றாம் எண்ணுக்கு வாசலுக்கு அருகிலிருந்தே, அம்பு விட்டாற்போல, நேர்க்கோட்டில் ஒரு பாதை. ஒண்ணேகால் கிலோமீட்டர். ஒன்றுக்கு இரண்டு தடவை தங்கள் அக்காளிடம் விளக்கினேன். அவளோ படத்தின் மேல் மூலையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடி மூலையைப் பார்த்தாள். பரவாயில்லையே, வருடக்கணக்காக நாம் சொல்லிக்கொடுத்ததில் திசை பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டாளே என்று மனதுக்குள் மகிழ்ந்தேன்.

கால் கிலோமீட்டர் போனதும் ஒரு மரத்தடியில் வனக்காவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாதை அந்த இடத்தில் இடது பக்கம் திரும்பியது. நான் நேராகப் போகப் புறப்பட்டேன். அவர் எழுந்து வந்தார்.

"சார், பாதை இந்தப் பக்கம்."

"படத்துல நேரா போகுது."

"படம் நேரா போகலாம் சார். மலை போகாதுல்ல?"

முப்பத்தாறு வருட சர்வீஸ் உள்ள ஒருவனிடம் இப்படிப் பேசினால் எப்படி இருக்கும் என்று தாங்களே சொல்லுங்கள். எங்கள் படங்களில் மயிரிழை பிசகாது, பாதையைத்தான் யாரோ பிற்காலத்தில் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவைத்தேன். அவர் தங்கள் அக்காளைப் பார்த்து, "அம்மா, நீங்களும் அவர்கூடத்தான் போறீங்களா?" என்று மட்டும் கேட்டார். "முப்பத்தஞ்சு வருஷமா அப்படித்தான் போயிட்டிருக்கேன்" என்றாள் அவள். இது பாராட்டா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நேர்க்கோடு என்றால் நேர்க்கோடு. முதலில் முள்புதர் வந்தது. படத்தில் புதர் இல்லை, ஆகவே அதைப் பொருட்படுத்தாமல் நுழைந்தேன். சட்டையின் ஒரு கை புதருக்குச் சொந்தமாகிவிட்டது. அப்புறம் ஒரு சரிவு, அதில் நான் இறங்கவில்லை, சரிவுதான் என்னை இறக்கியது. கீழே ஒரு மான் நின்றுகொண்டு, 'இவர் எந்தப் பிரிவு?' என்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல், இடது பக்கமாக, ஆமாம், அந்த வனக்காவலர் காட்டிய பாதை இருக்கும் பக்கமாக நடந்துபோனது. நான் அதன் பின்னால் போகவில்லை. மிருகத்தைப் பார்த்துப் படத்தைத் திருத்தும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இல்லை. பத்தடி நேராக எடுத்து வைத்தேன். பதினொன்றாவது அடி சேற்றில். முழங்கால் வரைக்கும் இறங்கியது. இழுத்தேன். கால் வந்தது, காலணி வந்தது, காலணியின் அடிப்பாகம் வரவில்லை. நீ கொடுத்த காலணிதான். பார்த்தாயா, எழுதுகிற வேகத்தில் 'நீ' வந்துவிட்டது. இனி அப்படியே இருக்கட்டும், 'தாங்கள்' போட்டு எழுதக் கை வலிக்கிறது.

அங்கேதான், ஒரு காலில் காலணியும் ஒரு காலில் சேறுமாக நின்றுகொண்டுதான், எனக்கு உண்மை உறைத்தது. தப்பு பாதையில் இல்லை, படத்தில். எந்த மடையனோ இந்தப் படத்தை வரைந்திருக்கிறான். களக்குறிப்பில் வளைவு வளைவாகக் குறித்துக் கொடுத்திருப்பார்கள், அதைப் பார்த்து வரையச் சோம்பல்பட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு புள்ளி வைத்து, அளவுகோலை நடுவில் போட்டு ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். வாங்கின சம்பளத்துக்கு மனசாட்சி வேண்டாமா? சேற்றில் நின்றபடியே அவனைத் திட்ட ஆரம்பித்தேன். தங்கள் அக்கா, சரி, உன் அக்கா, ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"எப்படிப்பட்ட ஆளா இருப்பான்னு நினைக்கிறீங்க?"

சொன்னேன். அலட்சியக்காரனாக இருப்பான். யார் சொன்னாலும் கேட்கமாட்டான். தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற திமிர் பிடித்தவனாக இருப்பான். தரையை எட்டிக்கூடப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தே காலத்தை ஓட்டியிருப்பான்.

"வீட்டுல எப்படி இருப்பான்?"

வீட்டில் அவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் பாவம் என்றேன்.

அவளுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. முதுகைத் தட்டிவிட்டேன். "ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் திட்டுங்க" என்றாள். உயரமான இடங்களில் காற்று குறைந்தால் சிலருக்கு இப்படிச் சிரிப்பு வரும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன்; உனக்கும் தெரிந்திருக்கும், நீதான் உடற்பயிற்சி படித்தவனாயிற்றே.

சத்தம் கேட்டு வனக்காவலர் வந்து சேர்ந்தார். கையில் கயிறும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் இருந்தன. தயாராகவே வந்திருந்தார். "வருஷத்துக்கு ரெண்டு பேரை இந்தச் சேத்துல இருந்து எடுக்கறேன் சார். பத்தொம்பது வருஷமா எடுக்கறேன்" என்றார். பலகையை மாற்றச் சொல்லி எழுதக்கூடாதா என்று கேட்டேன். நில அளவை அலுவலகத்துக்கே மூன்று தடவை எழுதினார்களாம். கடைசித் தடவை மட்டும் பதில் வந்ததாம். அது அவருக்கு மனப்பாடம்: 'படத்தில் பிழை ஏதும் காணப்படவில்லை. தளத்தைச் சரிபார்க்கவும்.' பதில் சுருக்கமாகவும் அழகாகவும் எழுதப்பட்டிருந்தது, அது வேறு விஷயம். ஆனால் எவ்வளவு நெஞ்சழுத்தம் பார். செய்வதையும் செய்துவிட்டு மலையைச் சரிபார்க்கச் சொல்கிறான். "அந்தப் படத்தை வரைஞ்ச ஆளு என் கையில கிடைச்சா, ஒரே ஒரு தடவை இந்த வழியா நடக்க விடணும் சார், வேற ஒண்ணும் வேணாம்" என்றார் வனக்காவலர். நியாயமான ஆசை என்றேன். உன் அக்கா, "உங்க ஆசை நிறைவேறட்டும்" என்று அவரை வாழ்த்தினாள்.

பாதை என்று உலகம் ஒப்புக்கொண்ட பாதையில் ஏறினோம். ஒண்ணேகால் அல்ல, நாலேமுக்கால் கிலோமீட்டர். ஏழு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அந்த வரைவாளனுக்கு ஒரு அர்ச்சனை. மூன்றாவது வளைவில் அவன் ஆசிரியர்களைத் திட்டினேன், ஐந்தாவதில் அவனுக்கு வேலை கொடுத்தவர்களை. நான் களைத்து நிறுத்தும்போதெல்லாம் உன் அக்கா எடுத்துக்கொடுத்தாள். "அவன் ஒரு நாளாவது தப்பை ஒத்துக்கிட்டிருப்பானா?" என்பாள். ஒத்துக்கொள்கிற ஜாதியா அது என்று நான் மறுபடி தொடங்குவேன். எங்களுக்குள் இத்தனை ஒற்றுமையாக ஒரு பேச்சு நடந்து வருடக்கணக்காகிறது. அந்த அளவுக்கு உன் யோசனை வேலை செய்தது என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

காட்சிமுனை. ஒரு கம்பித் தடுப்பு, ஒரு கல் பெஞ்சு. யாருமே இல்லை, அதில் நீ பொய் சொல்லவில்லை. போய் உட்கார்ந்தபோது ஒரே பனிமூட்டம். இதைப் பார்க்கவா இந்தப் பாடு, இந்த வெள்ளையை வீட்டுச் சுவரிலேயே பார்த்திருக்கலாமே என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது விலகியது. கீழே பள்ளத்தாக்கு. ஆறு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை வளைந்து கிடந்தது, ஒரு இடத்தில்கூட நேராக இல்லை. முப்பத்தாறு வருடம் மலை வரைந்தவன் நான். யார் யாரோ ஏறி இறங்கிக் குறித்துக் கொண்டுவந்த குறிப்பைப் பார்த்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வரைந்தவன். ஒரு மலை உச்சியில் நின்றது அன்றுதான் முதல் தடவை. உன் அக்கா மெதுவாகக் கேட்டாள், "இதைத்தான் வரைஞ்சுட்டு இருந்தீங்களா?" ஆற்றின் வளைவுகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் கணக்கை விட்டுவிட்டேன். ஏறி வந்த களைப்பாக இருக்கும்.

அப்போதுதான் அவள் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ரெண்டு வார்த்தை. 'என் தப்பு.' எதுக்காவது சொல்லுங்க. பெட்டியைத் திரும்பப் பரண்ல ஏத்திடறேன். தம்பி வீட்டுல போய் உட்கார எனக்கு மட்டும் ஆசையா?"

நான் என்ன கல்நெஞ்சனா? சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எதற்கு என்று சொல்வது? குற்றப்பத்திரிகை இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நடைமுறை எங்கே இருக்கிறது? "ஆதாரத்தோட காட்டு. அடுத்த நிமிஷம் சொல்றேன்" என்றேன்.

அழுவாள் என்று பயந்தேன். அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "வார்த்தை மாறக்கூடாது" என்றாள். அதோடு எழுந்துவிட்டாள்.

இறங்கி வந்ததும் வாசலில் அந்தப் பலகையைக் கைபேசியில் நாலைந்து படம் எடுத்தாள். அந்த வரைவாளன்மேல் மேலிடத்துக்கு நான் எழுதப்போகும் புகாருக்கு இணைப்பாக வைக்கத்தான் என்று நினைக்கிறேன். நேற்று கடைக்கு அவளே போய்ப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டும் வந்திருக்கிறாள். ஆக, இந்த ஒரு விஷயத்தில் அவள் என் பக்கம். ஆனாலும் பெட்டி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. இறங்கிய நாளிலிருந்து அதைச் சுற்றிக்கொண்டுதான் நான் கழிப்பறைக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சுற்றாமல் நேராகவே போகலாம். அதை நினைத்தால் நன்றாக இல்லை.

முடிவாக: காலணி உன் தப்பு. இடத்தைச் சொன்னதும் உன் தப்பு. கண்ணாடி யார் தப்பு என்று சொல்லமாட்டேன். பலகையை மாற்றாதது பூங்காவின் தப்பு. எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அளவுகோலை வைத்து மலையை நேராக்கிய அந்தப் புத்திசாலி. என் பக்கம் தேடிப் பார்த்தேன். படத்தை நம்பினேன் என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. இதை அவள் வந்ததும் பக்குவமாக எடுத்துச் சொல்லி, கூடுமானால் ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டிக்கே அவளைத் திருப்பி அனுப்பிவைக்க வேண்டியது உன் கடமை. தேநீர் போட எனக்குத் தெரியாது என்பதற்காகச் சொல்லவில்லை.

உனக்கும் உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் சகல நன்மைகளும் உண்டாகட்டும். நீ நடக்கும் பாதையெல்லாம் நேர்க்கோடாகவே அமையட்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இங்ஙனம்,
பிழையேதும் காணப்படாத
உன் அத்தான்.

இணைப்பு: காலணி, வலது, அடிப்பாகம் இல்லாமல் – ஒன்று.

பின்குறிப்பு (மாலை ஐந்தரை மணி):

உறையை ஒட்டக் கோந்து எடுக்கச் சமையலறைக்குப் போனேன். குளிர்பதனப் பெட்டியின் கதவில் என் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் ஒட்டியிருந்தது. பூங்கா வாசல் பலகை. பெரிதாக்கப்பட்டது. இந்த முறை கண்ணாடி போட்டிருந்தேன்.

வடக்கு அம்புக்குறி. இடது இறகில் மூன்று கோடு. வலது இறகில் இரண்டு.

இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். உன் அக்கா அடுப்பருகே நின்று தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். "ஆதாரம் கேட்டீங்களே" என்றாள்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். வாசலிலேயே தெரியுமாம். தினமும் உப்பு எடுக்கும்போதெல்லாம் பார்க்கிற அம்பு தெரியாதா என்றாள். அப்படியானால் அங்கேயே சொல்லியிருக்கலாமே, ஏழு வளைவும் என்னைத் திட்டவிட்டு வேடிக்கை பார்ப்பானேன் என்றேன்.

"நான் முப்பத்தஞ்சு வருஷமா சொல்ல நினைச்சதையெல்லாம் நீங்களே அவ்வளவு அழகா சொல்லிக்கிட்டு வந்தீங்க. நடுவுல நிறுத்த மனசு வரல."

படத்தின் கீழ் மூலையில் மாதமும் வருடமும் இருந்தன. அவள் கரண்டியால் அதைத் தொட்டுக் காட்டினாள். எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய வருடம். அவள் பதிவு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த காலம். அஞ்சு மணிக்கு அவள் வெளியே வருவாள் என்று, நான் நாலரைக்கே மேசையைக் காலி செய்துவிட்டு அந்தத் தெருமுனையில் போய் நிற்பேன். ஏழு வளைவு போட்டுக்கொண்டிருந்தால் ஆறு மணி ஆகியிருக்கும். வனக்காவலரின் கடிதத்துக்குப் பதில் எழுதியதும் நான்தான். அந்த வாக்கியம் வேறு யாருக்கும் வராது, எனக்கு நன்றாக ஞாபகம் வந்துவிட்டது.

சொன்னேன். சமையலறையின் நடுவில் நின்று, வடக்கு நோக்கி, இரண்டு வார்த்தையும் சொன்னேன். நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, "வாயால சொன்னது காத்தோட போயிடும், எழுத்துல வேணும்" என்றாள். தட்டச்சு பண்ணியவள் அல்லவா. வேறு கடிதம் எழுதுகிறேன் என்று இதைக் கிழிக்கப் போனேன், விடவில்லை. இதே கடிதம்தான் போக வேண்டுமாம். ஆகவே மேலே மடையன், சோம்பேறி, திமிர் பிடித்தவன், புத்திசாலி என்று எழுதியுள்ள இடங்களிலெல்லாம் உன் அத்தானைப் போட்டு வாசித்துக்கொள். அவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் பாவம் என்பதையும் சேர்த்துத்தான். காலணி விவகாரம் மட்டும் உன் தப்புதான், அதில் மாற்றம் இல்லை.

என் தப்பு.

(கையெழுத்து, தேதியுடன்)

தம்பிக்கு அக்கா எழுதுவது. வெள்ளிக்கிழமை நான் வரல. ஸ்டேஷனுக்கு வந்து காத்துக்கிட்டு நிக்காதே. பெட்டியை இப்பதான் பரண்ல ஏத்திட்டு, இறங்கத் தெரியாம ஏணி மேல நிக்கறார். இந்தக் கடிதத்தைத் தொலைச்சிடாதே, ரெண்டு நகல் எடுத்து ஒண்ணு எனக்கு அனுப்பு. உறையை நான்தான் ஒட்டப்போறேன், அதனால தைரியமா இன்னொண்ணும் எழுதறேன். அன்னிக்கு அந்த உப்பு டப்பாவை மாத்தி வச்சது நான்தான். படம் சரியாத்தான் இருந்துச்சு. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்.